நல்ல மூக்கு

மீன்காரக்கா வேலை முடிந்து வந்ததும் நேராக வீட்டுக்குள் போக மாட்டாள். எங்கள் கட்டிடத்தில் மாடிப்படிக்குக் கீழே ஒரு பொதுக்குழாய் இருக்கிறது. அங்கே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முதலில் கல்லுப்பை அள்ளி இரண்டு கையிலும் தேய்ப்பாள். அடுத்தது அரை மூடி எலுமிச்சம்பழம். நகக்கண், விரலிடுக்கு, முழங்கை வரைக்கும் விட மாட்டாள். கடைசியில் ஒரு எவர்சில்வர் கரண்டியை எடுத்து, ஓடுகிற தண்ணீரில் சோப்புக்கட்டியைப் போல உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டுவாள். எவர்சில்வர் பட்டால் மீன் வாடை விட்டுவிடும் என்று சந்தையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கரண்டி ஒரு நாளும் அடுப்பைப் பார்த்ததில்லை.

நான் தரைத்தளத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். மிஷினிலிருந்து நிமிர்ந்தால் எதிரே அந்தக் குழாய்தான். பன்னிரண்டு வருஷமாக அவள் கை கழுவுவதைப் பார்த்திருக்கிறேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவள் என்பதால் தினமும் எதையாவது சொல்லி வம்புக்கிழுப்பேன்.

“இப்படியே தேய்ச்சா கைரேகையும் சேர்ந்து போயிடும்க்கா. அப்புறம் ரேகை பாக்குறவன் உன்கிட்ட என்னத்தைச் சொல்லுவான்?”

“இதுவரைக்கும் எனக்கு என்னத்தைச் சொல்லிட்டான்? மேல ஒண்ணு வரப்போகுதுல்ல, அதுக்கு நல்லா இருந்தா போதும்.”

மேலே என்றால் இரண்டாவது மாடி. அங்கே அவளும் அவள் தம்பியும் தம்பி மனைவியும் இருந்தார்கள். அப்பா, அம்மா இருவரும் ஒரே வருஷத்தில் போய்விட, ஏழு வயதுத் தம்பியை இவள்தான் வளர்த்து ஆளாக்கினாள். சந்தையில் மீன் ஆய்ந்து கொடுக்கிற வேலை. வாங்கிக்கொண்டு வருகிறவர்கள் வரிசையில் நிற்பார்கள். செதில் சுரண்டி, செவுளைப் பிடுங்கி, குடலெடுத்து, துண்டு போட்டுப் பையில் கட்டிக் கொடுக்க வேண்டும். பலகைக்கு முன்னால் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பாள். அவள் கல்யாணத்தைப் பற்றி யாராவது பேச்செடுத்தால், “மீனுக்குத்தான் வாக்கப்பட்டாச்சே” என்று சிரித்துவிடுவாள். சிரிப்புக்குள் என்ன இருந்தது என்று நானும் துருவிக் கேட்டதில்லை.

தம்பிக்குச் சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிற வேலை. தின்னர் நெடியிலேயே கிடந்து அவன் மூக்கு எப்போதோ செத்துப்போனது. பால் கெட்டுவிட்டதா என்று பார்க்கக்கூட மனைவியிடம்தான் நீட்டுவான்.

தம்பி மனைவி பொல்லாதவள் இல்லை. இதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், போகிற போக்கில் யாரும் அவள் மேல் பாய வேண்டாம். பேக்கரியில் பில் போடுகிற வேலையில் இருந்தாள். முதல் குழந்தை நாலாம் மாதம் தங்காமல் போனது. இரண்டாவது உண்டானதும் வேலையை விட்டுவிட்டு, தும்மினால்கூடப் பயந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அந்த நேரத்தில்தான் தம்பி, வரப்போகிற பிள்ளைக்காக வீடு முழுக்கப் புதுப் பெயிண்ட் அடித்தான். சமையலறையில் நடக்க இடம் வேண்டும் என்று ஃப்ரிட்ஜைச் சுவர் மூலைக்குள் ஒட்டத் தள்ளி வைத்தான். அவன் கல்யாணத்துக்கு அக்கா வாங்கிப் போட்ட ஃப்ரிட்ஜ் அது.

மழை தொடங்கின ஒரு சாயங்காலம் தம்பி மனைவி என் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். முகம் வெளுத்திருந்தது.

“அக்கா, வீடு நாறுது.”

“பெயிண்ட் வாடையா இருக்கும். ஜன்னலைத் திறந்து வை.”

“பெயிண்ட் எனக்குத் தெரியாதா? இது வேற. கவுச்சி மாதிரி, புளிச்ச மாதிரி. காலைல இல்ல. ஒரு வாரமா சாயங்காலம் ஆனா ஆரம்பிக்குது. குமட்டிக் குமட்டி வருது. உடம்பு ஏற்கெனவே சரியில்ல, பத்து நாள் முன்னாடி பால் பாத்திரத்தை வைக்கப் போனவ, தலை சுத்தி ஃப்ரிட்ஜுக்குள்ளயே கவுத்துட்டேன். தொடைச்சு எடுக்கிறதுக்குள்ள உயிரு போச்சு.”

“சாயங்காலம்னா?” என்று கேட்டேன்.

அவள் குழாய்ப் பக்கம் பார்த்தாள். அக்கா அங்கே கரண்டியை உருட்டிக்கொண்டிருந்தாள்.

“அவங்க வர்ற நேரம்தான்,” என்று மெதுவாகச் சொன்னாள். “பாவம், அவங்க என்ன பண்ணுவாங்க. ஆனா வாந்தியெடுத்து வாந்தியெடுத்து எனக்குப் பயமா இருக்குக்கா. போன தடவை மாதிரி ஆயிட்டா?”

“ஆமாமா, இருக்கும்,” என்றேன். பிள்ளைத்தாய்ச்சியோடு என்ன வாதம்? அன்றைக்கு ஆரம்பித்த தலையாட்டல். அதற்குப் பிறகு அவள் எப்போது வந்து சொன்னாலும் நான் ஆமாம் போட்டேன். ஆமாம் போடுவதற்கு நூல் செலவு இல்லை, துணி செலவு இல்லை.

சாயங்காலம் ஆறு மணிக்குக் கொசுவுக்குப் பயந்து ஜன்னலையெல்லாம் சாத்துவார்கள். ஆறரைக்கு அக்கா வருவாள். சாத்தின வீட்டுக்குள் எந்த நாற்றமும் இரண்டு மடங்கு ஆகும் என்பது எனக்கும் தெரியும். அப்போது ஏன் அது தோன்றவில்லை என்று கேட்டால், தேடினால்தானே தோன்றும்?

பிறகு ஆரம்பித்தது பாருங்கள் ஒரு சுத்தம், அப்படி ஒரு சுத்தத்தை நான் எங்கேயும் பார்த்ததில்லை. தம்பி மனைவி போனில் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாகச் சொல்வாள், அக்கா செய்வாள். அறைக்கு ஒரு கிண்ணம் வினிகர் திறந்து வைத்தார்கள். அலமாரித் தட்டுகளில் காப்பித்தூளைக் காகிதத்தில் கொட்டி வைத்தார்கள். கொதித்து இறக்கின டீத்தூளை அலசிக் காயவைத்து, என்னிடம் வெட்டுத்துணி வாங்கிச் சின்னச் சின்ன மூட்டையாகக் கட்டி, செருப்பு வைக்கிற இடத்தில் போட்டார்கள். அக்காவின் மெத்தை மேல் சமையல் சோடாவைத் தூவி, ஒரு நாள் முழுக்க விட்டு, மறுநாள் பிரஷ்ஷால் தட்டி எடுத்தார்கள். எலுமிச்சைத் தோலைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைத்து அந்த ஆவியை அறை அறையாகக் கொண்டுபோனாள் அக்கா. அவள் துணிமணி கடைசி அலசலுக்கு வினிகர் தண்ணீரில்தான் முங்கி எழும். மழையில் எதுவும் காயாது. மாடிப்படிக் கம்பி முழுக்க அவள் துணி தொங்கும்.

வாரத்துக்கு ஒரு முறை ஃப்ரிட்ஜ். தட்டுகளைக் கழற்றிக் கழுவி, உள்ளே வினிகர் தண்ணீரைத் தாராளமாக ஊற்றித் துடைத்து, ஒரு கிண்ணம் சோடாவைச் சாத்திரம் போல நடுத்தட்டில் வைத்து மூடுவாள் தம்பி மனைவி. ஃப்ரிட்ஜுக்குள் பின்பக்கம் அடியில் விரல் நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை. ஊற்றின தண்ணீரில் துணி குடித்தது போக மிச்சம் அதில் இறங்கிப் போய்விடும். எங்கே போகிறது என்று யாரும் கேட்கவில்லை. தண்ணீர் போகிறது, நல்லதுதானே என்று இருந்துவிட்டோம்.

கர்ப்பத்துக்குத் தொளதொளவென்று ஒரு கவுன் தைக்க அளவெடுக்க ஒருநாள் மேலே போயிருந்தேன். தம்பி சுவரோரம் குந்தியிருந்தான். அக்கா சமையலறை வாசலில், உள்ளேயும் இல்லாமல் வெளியேயும் இல்லாமல் நின்றுகொண்டு சாப்பிட்டாள்.

“ஏன்க்கா நின்னுக்கிட்டே சாப்பிடுறே? உக்காரேன்,” என்றான் தம்பி.

“உக்காந்து உக்காந்துதானே நாள் பூரா வெட்டுறேன். கொஞ்சம் நிக்கிறேன்.”

“அண்ணி, உள்ள வந்து உக்காருங்க. நான் ஜன்னலைத் திறந்துக்கிறேன்,” என்றாள் தம்பி மனைவி. சொல்லும்போதே முந்தானை மூக்குக்குப் போனது. வேண்டுமென்று செய்யவில்லை, கை தானாகப் போனது. அக்கா அதைப் பார்த்தாள். அவள் பார்த்ததை நானும் பார்த்தேன்.

“இன்னிக்கு எப்படிம்மா இருக்கு? நேத்துக்குத் தேவலையா?”

“கொஞ்சம் தேவலைதான் அண்ணி.”

“தலைக்கும் வினிகர் போட்டுப் பாத்தேன். அதான் போல.”

“அய்யோ, தலைக்கெல்லாம் எதுக்குக்கா?” என்றான் தம்பி. “முடி கொட்டிடப் போகுது.”

“கொட்டினா கொட்டட்டும்டா. இருக்கிற நாலு முடிய வச்சு நான் எந்த மேடையில ஏறப்போறேன்? உன் புள்ள வந்து என் முடியப் புடிச்சு இழுக்கும்ல, அப்ப மீன் வாலைப் புடிச்ச மாதிரி அது மூஞ்சியச் சுளிக்கக் கூடாது.”

எல்லோரும் சிரித்தோம். அக்கா தட்டைக் கழுவப் போனாள். கழுவின தட்டை மறுபடியும் எலுமிச்சை போட்டுக் கழுவினாள்.

இரண்டு நாள் கழித்து அவள் என் கடைக்குள் வந்தாள். எப்போதும் வாசலோடு நிற்கிறவள், துணியில் வாடை ஒட்டிவிடும் என்று உள்ளே கால் வைக்காதவள், அன்றைக்கு உள்ளே வந்து என் மிஷினுக்கு முன்னால் நின்றாள். கை, தலை எல்லாம் கழுவி, வேறு புடவை மாற்றியிருந்தாள்.

“உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். மறைக்காம சொல்லணும்.”

“என்னக்கா இது, கோர்ட்டுல கேக்கிற மாதிரி கேக்குறே?”

“விளையாடாத. மேல மூணு பேர் இருக்கோம், மூணு மூக்கும் உருப்படி இல்ல. எனக்கு மீன் வாடை தெரியாது. தம்பிக்கு எந்த வாடையும் தெரியாது. அவளுக்கு இப்ப இல்லாததும் தெரியும். உனக்குத்தான் நல்ல மூக்கு. மோந்து பாத்து உள்ளதைச் சொல்லு. என் மேல அடிக்குதா?”

இரண்டு கையையும் நீட்டினாள். பிறகு குனிந்து தலையைக் காட்டினாள். நான் மோந்தேன். எலுமிச்சை. ஈர முடி. கொஞ்சம் வினிகர். அவ்வளவுதான், வேறெதுவும் இல்லை. சத்தியமாக இல்லை.

நிமிர்ந்தபோது மாடிப்படித் திருப்பத்தில் தம்பி மனைவியின் நைட்டி ஓரமும் இரண்டு கால்களும் தெரிந்தன. அவள் கீழே இறங்கிவந்தவள், பேச்சுக் கேட்டு அங்கேயே நின்றுவிட்டாள். இரண்டு மாதமாக அவளிடம் ஆமாம் போட்டவள் நான். இப்போது இல்லை என்றால் என்னை என்ன நினைப்பாள்? பிள்ளைத்தாய்ச்சி மனசு நோகக் கூடாது என்று எனக்கு நானே ஒரு நல்ல பெயரும் கொடுத்துக்கொண்டேன்.

“லேசா அடிக்குதுக்கா,” என்றேன்.

“லேசான்னா?”

“லேசாத்தான். உள்ள ஊறின மாதிரி.”

அந்தக் கடைசி வார்த்தை எதற்கு? யாரும் கேட்காமல் நானாக வைத்துத் தைத்த ஒட்டு அது.

“ஊறினதுன்னா கழுவிப் போகாது,” என்றாள் அக்கா. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “சரி. நீ சொன்னா சரி. நல்லவேளை, உன்கிட்ட கேட்டேன்.”

மூன்றாம் நாள் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு அறை பார்த்துக்கொண்டு போய்விட்டாள். ஒரு பெட்டி, ஒரு பாய், கத்திப் பை, அந்தக் கரண்டி. மெத்தையை எடுத்துப்போகவில்லை.

“கொஞ்ச நாளைக்குத்தானேக்கா,” என்றான் தம்பி. பெட்டியைத் தூக்கியிருந்தான். கண் கலங்கியிருந்தது, ஆனால் பெட்டியைக் கீழே வைக்கவில்லை.

“ஆமாண்டா. புள்ள பொறந்து கொஞ்சம் தலை நிக்கட்டும். அதுக்குள்ள நானும் இதுக்கு ஒரு வழி பண்ணிட்டு வந்துடுறேன்.”

“அண்ணி, என்னால போறீங்களா?” என்று தம்பி மனைவி அழுதாள்.

“அட, உன்னால இல்ல. கண்ணைத் தொடை. வயித்துல இருக்கிறது கேக்கும்.”

நான் மிஷினை ஓட்டிக்கொண்டிருந்தேன். ஊசியில் நூல் இல்லை என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது.

அவள் போனதும் நாற்றமும் போனது என்றார்கள். மழை விட்டு வெயில் வந்திருந்தது, கொசு குறைந்து ஜன்னல்கள் ராப்பகலாகத் திறந்து கிடந்தன. இதையும் யாரும் யோசிக்கவில்லை. அக்காவின் மெத்தையைத் தூக்கி வெளியே போட்டார்கள். பெண் குழந்தை பிறந்தது. பிறந்த அன்று அக்கா ஆஸ்பத்திரிக்கு வந்து, வராந்தாவில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டுப் போனாளாம். உள்ளே வா என்று தம்பி எவ்வளவோ கூப்பிட்டும் வரவில்லையாம்.

அடுத்த மழையில் ஜன்னலைச் சாத்தினார்கள். நாற்றம் திரும்பி வந்தது.

“அவங்களே இல்லையேக்கா,” என்றாள் தம்பி மனைவி என்னிடம். மடியில் மூன்று மாதக் குழந்தை. “சுவத்துல ஊறியிருக்குமா?”

இந்த முறை நான் ஆமாம் போடவில்லை.

அந்த வாரமே ஃப்ரிட்ஜ் குளிராமல் நின்றது. மெக்கானிக் வந்தார். நானும் மேலேதான் இருந்தேன், குழந்தைக்குச் சட்டை அளவு பார்க்க. அவரும் தம்பியும் சேர்ந்து ஃப்ரிட்ஜை மூலையிலிருந்து வெளியே இழுத்தார்கள். மெக்கானிக் பின்னால் குனிந்தவர் அப்படியே ரெண்டடி பின்வாங்கினார்.

“என்னம்மா இது? இந்தத் தட்டை ஒரு நாளாவது கழுவுனீங்களா?”

“எந்தத் தட்டு?”

மோட்டாருக்கு மேலே ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் தட்டு. அவர் அதைக் கழற்றி எடுத்தபோது நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்கு ஓடினேன். தட்டு நிறையக் கட்டி கட்டியாக, பச்சையும் மஞ்சளுமாக.

“உள்ள கொட்டுறது எல்லாம் அந்த ஓட்டை வழியா இங்கதான் வந்து நிக்கும். பால் கொட்டுச்சா?”

தம்பி மனைவி ஃப்ரிட்ஜுக்குள் குனிந்து அந்த ஓட்டையைப் பார்த்தாள்.

“பால்தான். கெட்ட பால். தண்ணி வேற வாரம் வாரம் ஊத்தியிருக்கீங்க போல. அது வத்தவே இல்ல. கீழ மோட்டார் சூடு, மேல இது. தினம் அடுப்புல வச்ச மாதிரி நாறிக்கிட்டே இருந்திருக்கும்.”

“மீனு?” என்று கேட்டான் தம்பி.

“மீனா? இதுல ஏதுங்க மீனு? பால்னு சொல்றேன்ல.”

தம்பி மனைவி தரையில் உட்கார்ந்துவிட்டாள். சுத்தம் செய்கிறேன் என்று நாங்கள் ஊற்றின ஒவ்வொரு கிண்ணம் தண்ணீரும் அந்தத் தட்டுக்குத்தான் போயிருக்கிறது. வீட்டில் ஒரே ஒரு பொருளைத்தான் நாங்கள் நகர்த்திப் பார்க்கவில்லை, அக்காவைத்தான் நகர்த்தினோம்.

தட்டைக் கழுவ வெந்நீரும் சோடாவும் கால் மணி நேரமும் போதுமானவையாக இருந்தன.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாலு பேரும் பஸ் ஏறிப் போனோம். நீயும் வா என்று தம்பி மனைவிதான் என்னைக் கூப்பிட்டாள், தனியாக முகத்தைப் பார்க்கத் துணிச்சல் இல்லை என்றாள். எனக்கு மட்டும் இருந்ததா என்ன?

சந்துக்குள் ஒற்றை அறை. வாசலிலேயே தொட்டியும் குழாயும். தொட்டி விளிம்பில் பிழிந்த எலுமிச்சை மூடிகள் வரிசையாகக் காய்ந்து கிடந்தன, பக்கத்தில் உப்புக் கிண்ணம், கரண்டி. அக்கா எங்களைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்து எழுந்தாள். இரண்டடி எடுத்து வைத்தவள், குழந்தையைப் பார்த்ததும் பின்னுக்குப் போய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டாள்.

“சந்தைக்குப் போகலையாக்கா?” என்றான் தம்பி, எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல்.

“அதை விட்டு அஞ்சு மாசம் ஆச்சேடா. அட்டைப்பெட்டி ஒட்டுற கம்பெனிக்குப் போறேன். புள்ளையத் தூக்கணுமே.”

“அஞ்சு மாசமா? அப்ப ஏன்க்கா வீட்டுக்கு வரல?”

“உள்ள ஊறினதுடா அது. பதினெட்டு வருஷத்து ஊறல், அஞ்சு மாசத்துல போயிடுமா? ஒரு வருஷம் போகட்டும், அப்புறம் வரலாம்னு இருந்தேன்.”

என் வார்த்தையை அவள் வாயால் கேட்டேன்.

தம்பி மனைவி அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். பால், ஓட்டை, தட்டு, மெக்கானிக். “நீங்க இல்ல அண்ணி. ஒரு நாளும் நீங்க இல்ல. நான் கவுத்த பால்.” அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள். முடிந்த பிறகும் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

“பாலா? அப்படியா. பாலும் அப்படி நாறுமா?” என்றாள். “சரி, அழாத. யாருக்குத் தெரியும்?”

“வீட்டுக்கு வாங்க அண்ணி. இப்பவே வாங்க. இந்தாங்க, முதல்ல இவளைத் தூக்குங்க.”

“இரு, இரு. கை கழுவிட்டு வரேன்.”

தொட்டிக்குப் போனாள். உப்பு, எலுமிச்சை, கரண்டி. நாங்கள் நின்றோம். முடித்தவள் மறுபடியும் உப்பை எடுத்தாள். அவள் கையைப் பக்கத்தில் பார்த்தேன். வெளுத்து, விரலிடுக்கெல்லாம் வெடித்து, அந்த வெடிப்பில் எலுமிச்சை படும்போது உதட்டைக் கடித்துக்கொண்டாள். “போதும்க்கா,” என்றான் தம்பி. அவள் காதில் விழவில்லை.

கடைசியில் குழந்தையை வாங்கினாள். மார்போடு சேர்க்கவில்லை. இரண்டு கையையும் முடிந்தமட்டும் முன்னால் நீட்டி, நிறைந்த பாத்திரத்தைப் பிடிக்கிற மாதிரிப் பிடித்துக்கொண்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“அணைச்சுத் தூக்குங்க அண்ணி.”

“வேணாம்மா, அழும்.”

குழந்தை அழவில்லை. கால்களை உதைத்துக்கொண்டு அவளையே பார்த்தது. நீட்டின கை மடங்காமலே திருப்பிக் கொடுத்துவிட்டாள். வீட்டுக்கு வருவதைப் பற்றி எத்தனை முறை கேட்டும், “வரேன், வரேன், இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்” என்பதற்கு மேல் அவளிடமிருந்து ஒரு வார்த்தை பெயரவில்லை.

மழை இருட்டிக்கொண்டு வந்தது. தம்பியும் மனைவியும் குழந்தையைப் போர்த்திக்கொண்டு முன்னால் போனார்கள். நான் செருப்பை மாட்டினேன்.

“ஏய், நில்லு,” என்றாள் அக்கா. “ஒண்ணு கேக்கணும்.”

நின்றேன்.

“அன்னிக்கு நீ மோந்து பாத்தே. லேசா அடிக்குதுன்னு சொன்னே.”

வரும் வழியெல்லாம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டுதான் வந்தேன். வாய் திறந்தபோது வந்தது வேறு.

“அன்னிக்கு எனக்குச் சளிக்கா.”

“அப்படியா,” என்றாள். “சளின்னா மூக்குக்கு ஒண்ணுமே தெரியாதே. அப்புறம் எப்படி அடிக்குதுன்னு சொன்னே?”

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டாள். பதில் வரும் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். தெருமுனையிலிருந்து தம்பி கூப்பிட்டான்.

“சரி, போ. மழை வரப்போகுது, குழந்தை நனையும்,” என்றாள்.

நான் நடந்தேன். நாலு வீடு தாண்டியிருக்க மாட்டேன், பின்னால் அவள் குழாயைத் திறக்கிற சத்தம் கேட்டது.